மருந்து போகும் இடமும் உயிர் வாழும் இடமும்

(தோட்டத் தொழிலாளர் வட்டாரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அழிந்துவரும் உயிர்களும் தோட்டங்களில் அடிக்கும் மருந்தும். இதைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரித்துக்கொண்டதை நாம் கவனிக்காமல் இல்லை. சம்பளம், வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று பேச வேண்டிய சங்க மேடையில் தவளைக்கும் வண்டுக்கும் என்ன வேலை என்று கேட்பது நியாயந்தான். அதற்கு நம்முடைய விடை இது: காட்டு உயிரைக் கொல்லும் மருந்து முதலில் நம்முடைய கை வழியாகத்தான் போகிறது. ஆற்றுத் தவளையின் தோலில் படுகிற அதே மருந்து, அதைத் தோம்பில் கலக்கி முதுகில் சுமந்து அடித்த பெண்ணின் தோலிலும் பட்டிருக்கிறது. ஆகையால் மருந்தை எங்கே அடிக்கலாம், எங்கே அடிக்கலாகாது, அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி தொழிலாளியின் கேள்வியும் ஆகும்.

இந்தக் கேள்வியை வைத்துப் பல ஆண்டுகளாக வாதாடியும் வழக்காடியும் வருகிற நாடு அமெரிக்கா. அங்கே அழிந்துவரும் உயிர்கள் வாழும் இடத்தைப் படமாக வரைந்து, அந்தப் படத்தை மருந்து டின்னின் லேபிளோடு சட்டப்படி இணைத்திருக்கிறார்கள். அதில் நன்மையும் உண்டு, கோளாறும் உண்டு. இரண்டையும் உள்ளபடி சொல்லி, நம் தோட்டங்களுக்கு அதில் என்ன பாடம் என்று முடிவில் பார்ப்போம்.

மருந்தின் நான்கு வழிகள்

தோழர்களே! நாம் 'மருந்து' என்று சொல்லிப் பழகிவிட்டோம். புல் மருந்து, பூச்சி மருந்து, எலி மருந்து எல்லாம் நஞ்சுதான். அடித்த இடத்திலேயே அது நின்றுவிடுமானால் தொல்லை குறைவு. அது நிற்பதில்லை. நான்கு வழிகளில் அது வெளியே போகிறது.

முதல் வழி காற்று. குழல் முனையிலிருந்து பொடித் துளியாகப் புறப்படுகிற மருந்தைக் காற்று தூக்கிச் செல்கிறது. துளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு தூரம் போகும்.

இரண்டாவது வழி நீர். மருந்தடித்த மறுநாள் மழை பெய்தால், மண்ணோடு சேர்ந்து வடிகாலுக்கும், வடிகாலிலிருந்து ஆற்றுக்கும் மருந்து இறங்குகிறது.

மூன்றாவது வழி இரை. எலி மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரிகிறது. தள்ளாடும் எலியை ஆந்தையும் நரியும் எளிதாகப் பிடித்துத் தின்கின்றன. எலியின் உடலில் இருந்த நஞ்சு அவற்றின் உடலுக்கு மாறுகிறது. கலிபோர்னியாவில் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் வாழும் ஒரு சிறு நரி இனத்துக்கு இந்த வழியில்தான் பெரிய ஆபத்து.

நான்காவது வழியைப் பலர் நினைப்பதே இல்லை. அது பசி. அமெரிக்காவின் பெரிய ஏரிகளை அடுத்த மாநிலங்களில் 'கார்னர் புளூ' என்ற நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று இருக்கிறது. அதன் புழு 'லூப்பின்' என்னும் ஒரே காட்டுச் செடியின் இலையைத்தான் தின்னும். வேறு எதையும் தொடாது. புல் மருந்து அந்தச் செடியை அழித்துவிட்டால், பூச்சியின் மேல் ஒரு துளியும் படாமலே பூச்சிக் குலம் அழிந்துபோகும். 1992இல் அதை அழியும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். ஒரே மருந்து, ஒரே அளவு. லூப்பின் இல்லாத சோள வயலில் அடித்தால் அந்த வண்ணத்துப்பூச்சிக்கு அதனால் கேடில்லை. லூப்பின் வளரும் மேட்டின் ஓரத்தில் அடித்தால் ஒரு குலமே போய்விடும். மருந்து அதேதான். மாறியது இடம்.

கழுகின் கதை

இந்த உண்மை அமெரிக்காவில் உணரப்படுமுன் ஒரு பெரிய அழிவு நேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. என்ற பூச்சி மருந்தை வயலிலும் காட்டிலும் சதுப்பிலும் கொட்டினார்கள். அது மீனுக்குள் போயிற்று. மீனைத் தின்ற கழுகுக்குள் போயிற்று. கழுகு இட்ட முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையைத் தாங்காமல் நொறுங்கிற்று. அந்த நாட்டின் சின்னமான வெண்தலைக் கழுகு, 1963இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களில் 417 இணைகளாகக் குறைந்துபோயிற்று. 1962இல் ரேச்சல் கார்சன் அம்மையார் 'மௌன வசந்தம்' என்னும் நூலை எழுதி நாட்டைத் தட்டி எழுப்பினார். 1972இல் டி.டி.டி. தடை செய்யப்பட்டது. 2007இல் கழுகுகள் 9,789 இணைகளாகப் பெருகி, அழியும் உயிர்களின் பட்டியலிலிருந்து விடுபட்டன.

இந்தக் கதையில் தொழிற்சங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நாம் பெருமையோடு சொல்ல வேண்டும். 1965இல் கலிபோர்னியாவின் டெலானோ வட்டாரத்தில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பினோ தோழர்கள் தொடங்கினார்கள். சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிகோ வழித் தோழர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த ஒப்பந்தங்களில் கூலி உயர்வோடு, டி.டி.டி. முதலான கொடிய மருந்துகளைத் தோட்டத்தில் பயன்படுத்தலாகாது என்ற நிபந்தனையும் இருந்தது. அரசாங்கம் தடை செய்வதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, சங்கத்தின் ஒப்பந்தம் அந்தத் தோட்டங்களில் தடை செய்துவிட்டது. தொழிலாளியின் உடம்பைக் காக்கக் கேட்டார்கள். அதில் பறவைக்கும் காவல் கிடைத்தது.

தடையும் வேண்டாம், தாராளமும் வேண்டாம்

ஆனால் எல்லா மருந்தையும் டி.டி.டி.யைப் போல ஒரேயடியாகத் தடை செய்துவிட முடியாது. சில மருந்துகள் இல்லாவிட்டால் விளைச்சல் போகும் என்று விவசாயி சொல்கிறான். அவன் வயிற்றையும் பார்க்க வேண்டும். அதற்காக எங்கும் அடித்துக்கொள் என்று விட்டாலும் உயிரினங்கள் அழியும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைத் தேடினார்கள்.

1973இல் அமெரிக்காவில் அழியும் உயிர்களைக் காக்கும் சட்டம் வந்தது. அரசாங்கத்தின் எந்த இலாகா செய்யும் காரியமும் அழிந்துவரும் உயிரின் வாழ்வைக் கெடுக்கலாகாது என்பது அதன் கட்டளை. மருந்து கம்பெனிக்கு விற்பனை அனுமதி கொடுப்பதும் அரசாங்கக் காரியந்தான். எனவே அனுமதி கொடுக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா, வனவிலங்கு இலாகாவையும் கடல் மீன்வள இலாகாவையும் கலந்து ஆலோசிக்க வேண்டும். சட்டம் எழுதியாயிற்று. நடந்ததா? தன் அனுமதிகளில் நூற்றுக்கு 5க்கும் குறைவானவற்றில்தான் இந்தக் கடமையை முடித்திருப்பதாக அந்த இலாகாவே 2022இல் வெளியிட்ட திட்ட அறிக்கையில் கூறியது. இடையில் நடந்ததெல்லாம் இயற்கைக் காவல் சங்கங்கள் போட்ட வழக்குகளின் பயன்.

2004இல் சியாட்டில் நகரக் கூட்டரசு நீதிமன்றம் சால்மன் மீன்களுக்காக ஒரு கட்டளை பிறப்பித்தது. மேற்குக் கரை மாநிலங்களில் சால்மன் வாழும் ஆறுகளின் ஓரமாக, தரையிலிருந்து அடித்தால் 20 கஜம், விமானத்திலிருந்து அடித்தால் 100 கஜம் விட்டுவிட்டுத்தான் குறிப்பிட்ட மருந்துகளை அடிக்க வேண்டும் என்றது. 2006இல் கலிபோர்னியாவின் செங்கால் தவளைக்காக இன்னொரு உத்தரவு வந்தது. தவளை வாழும் இடங்களைச் சுற்றித் தரையில் 60 அடி, ஆகாயத்தில் 200 அடி; 66 மருந்துகளுக்கு அது பொருந்திற்று. ஆகாயத்துக்கு ஏன் அதிகம்? உயரத்திலிருந்து விழும் துளியைக் காற்று நெடுந்தூரம் கொண்டுபோகும். அதனால்தான்.

கவனியுங்கள் தோழர்களே! இந்த உத்தரவுகள் விவசாயத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வயலின் நடுவே அடித்துக்கொள்; விளிம்பை விட்டுவிடு என்றன. ஆனால் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்குத்தான் படம் வேண்டியிருக்கிறது.

படம் எப்படி வரைகிறார்கள்

ஓர் உயிர் வாழும் இடத்தைப் படமாக்குவது காட்டில் ஒரு கோடு கிழிக்கிற வேலை அன்று. முதலில் அந்த உயிரை யார், எங்கே, எந்த ஆண்டு கண்டார்கள் என்ற பதிவுகளைத் திரட்டுகிறார்கள். அடுத்து அது வாழத் தேவையானவை எவை என்று பார்க்கிறார்கள்: எந்த மண், எந்தச் செடி, எவ்வளவு நீர், எந்த மாதத்தில் குஞ்சு பொரிக்கிறது. பிறகு விண்கோள் எடுத்த படத்திலிருந்து சோளம் எங்கே, பருத்தி எங்கே, பழத்தோட்டம் எங்கே என்று குறித்து, இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார்கள். உயிரும் மருந்தும் சந்திக்கும் இடம் அப்போது தெரிகிறது. காற்றும் நீரும் மருந்தைக் கொண்டுபோகும் தூரத்தையும் அதோடு கூட்டினால், மருந்துக்கு வரம்பு போட வேண்டிய பகுதி கிடைத்துவிடும்.

இனி அந்தப் படம் டின்னோடு சேர வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி லேபிளில் உள்ளதை மீறி மருந்தடிப்பது குற்றம். அதனால் சில மருந்துகளின் லேபிளில், 'அடிப்பதற்கு முந்திய 6 மாதத்துக்குள் அரசாங்கத்தின் கணினி அறிவிப்பைப் பார்த்து, அதன்படி நட' என்று அச்சிடுகிறார்கள். விவசாயி தன் நிலம் இருக்கும் இடத்தையும், அடிக்கப்போகும் மாதத்தையும், மருந்தின் பெயரையும் கொடுத்தால், அந்த இடத்துக்குரிய வரம்பு அச்சாகி வரும். டின் நாடெங்கும் ஒன்றுதான். கட்டளை இடத்துக்கு இடம் வேறு. கலிபோர்னியா மாநிலம் இதை முன்னமே நன்றாகச் செய்தது. அங்கே நிலத்தை ஒரு மைல் சதுரங்களாக, அதாவது 640 ஏக்கர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த உயிர் இருக்கக்கூடும், எந்த மருந்துக்கு என்ன கவனம் வேண்டும் என்று விவசாயி பார்த்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள்.

வண்டு கற்பித்த பாடம்

இனிக் கோளாறைச் சொல்வோம். பிணம் புதைக்கும் வண்டு என்று ஒன்று அமெரிக்காவில் உண்டு. செத்த பறவையையோ எலியையோ ஆணும் பெண்ணுமாக மண்ணில் புதைத்து, அதன் அருகே குஞ்சு பொரித்து, இரண்டும் சேர்ந்தே குஞ்சுகளுக்கு ஊட்டி வளர்க்கும். பூச்சிகளில் இப்படித் தாயும் தகப்பனும் பிள்ளை வளர்ப்பது அபூர்வம். ஒரு காலத்தில் 35 மாநிலங்களில் இருந்த வண்டு இது. 1989இல் பட்டியலில் சேர்த்தபோது ரோட் தீவு மாநிலத்தின் ஒரு சிறு தீவிலும் ஒக்லஹோமாவின் கிழக்கிலுமே அறியப்பட்டிருந்தது.

2022 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 'என்லிஸ்ட்' என்ற பெயருள்ள இரண்டு புல் மருந்துகளுக்கு ஏழாண்டு அனுமதியைப் புதுப்பித்தது. அப்போது அழியும் உயிர்களை உத்தேசித்து, பல கவுண்டிகளில் அவற்றை அடியோடு தடுத்தது. கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்றது. மாவட்டத்தின் ஒரு புல்வெளியில் வண்டு இருந்தால் மாவட்டம் முழுவதும் தடை. அந்த மருந்துக்கென்றே உண்டாக்கிய சோயா விதையையும் பருத்தி விதையையும் முன்கூட்டி வாங்கி வைத்திருந்த விவசாயிகள் பரிதவித்தார்கள். இரண்டே மாதத்தில், மார்ச் மாத இறுதியில், வனவிலங்கு இலாகா கொடுத்த புதிய தகவலைப் பார்த்து 134 கவுண்டிகளில் தடை நீக்கப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை இந்த வண்டுக்காகத் தடுக்கப்பட்டவை.

இதில் வெற்றி யாருக்கு? யாருக்குமே இல்லை. பெரிய படம் வரைந்ததால் விவசாயிக்கு இழப்பும் கோபமும் வந்தன. அந்தக் கோபத்தில் வண்டுக்கு எதிரிகள் பெருகினார்கள். சரியான படம் முதலிலேயே இருந்திருந்தால், வண்டு இருக்கும் புல்வெளியைக் காத்து, வண்டு இல்லாத நிலத்தை விட்டிருக்கலாம். 2023இலும் இதே குறை எழுந்தது. மிகவும் ஆபத்தில் உள்ள 27 உயிர்களுக்கு இலாகா படம் வெளியிட்டபோது, உயிர் இல்லாத இடமெல்லாம் படத்தில் சேர்ந்திருப்பதாகப் பலர் எழுதினார்கள். இலாகா படங்களைத் திருத்த ஒப்புக்கொண்டது. 2024இல், உயிர் உண்மையாக நிலைத்திருக்கும் மையப் பகுதியை எப்படி வரைவது என்று முறை வகுத்து வெளியிட்டு, வெளியாரும் அந்த வேலையில் கைகொடுக்கலாம் என்றது.

அதே 2024 ஆகஸ்டில் புல் மருந்துகளுக்கும், 2025 ஏப்ரலில் பூச்சி மருந்துகளுக்கும் நாடு தழுவிய புதிய திட்டங்கள் முடிவாயின. இவை 900க்கும் மேற்பட்ட உயிரினங்களைக் கருதி எழுதப்பட்டவை. அவற்றில் நமக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு. மண்ணோடு மருந்து ஓடாமல் தடுக்க விவசாயி செய்யும் வேலைக்குப் புள்ளி கொடுக்கிறார்கள். ஆற்றோரம் புல் வரப்பு விட்டால் இத்தனை புள்ளி, மூடுபயிர் போட்டால் இத்தனை புள்ளி. வேண்டிய புள்ளி சேர்ந்தால் மருந்தடிக்கலாம். காற்றில் பரவுவதற்கும் அப்படியே. குழல் முனைக்கு மூடி போட்டாலோ மரவேலி இருந்தாலோ, விட வேண்டிய ஓரம் குறைகிறது. நிலத்தில் பாடுபடுகிறவனின் முயற்சிக்கு மதிப்புத் தரும் ஏற்பாடு இது.

இன்னொரு சங்கடத்தையும் சொல்லாமல் விடலாகாது. அபூர்வமான செடியோ உயிரோ இருக்கும் சரியான இடத்தை அச்சிட்டால் திருடன் முதலில் போய்விடுவான். ஆகையால் படத்தை வேண்டுமென்றே சற்று மங்கலாக்கி வெளியிடுகிறார்கள். மங்கலாக்கினால் பகுதி பெரிதாகிறது. பெரிதானால் விவசாயிக்குக் கஷ்டம். இந்த இழுபறி எளிதில் தீருவதன்று.

படத்தில் மனிதன் எங்கே?

தோழர்களே! சங்கத்தார் என்ற முறையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி இனித்தான் வருகிறது. கணினியில் அறிவிப்பைப் பார்ப்பவர் யார்? நிலத்தின் சொந்தக்காரர் அல்லது அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர். பம்பைச் சுமப்பவர் யார்? பல இடங்களில் கூலியாள். படம் அலுவலகத்தில் கிடந்து, பம்பு வயலில் இருந்தால் தவளைக்கு என்ன பயன்? கோடு தாண்டி மருந்து விழுந்தபின் பழி யார் தலையில் விழும் என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அமெரிக்காவில் தொழிலாளருக்கென்று ஒரு வட்டம் வகுத்திருக்கிறார்கள். 2015இல் திருத்திய பண்ணைத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளில் அது வந்தது. மருந்தடிக்கும் கருவியைச் சுற்றி, முறைக்கு ஏற்ப 25 அடி அல்லது 100 அடி வட்டம். அந்த வட்டத்துக்குள் வேறு மனிதர் வந்தால் அடிப்பதை நிறுத்த வேண்டும். கருவி நகர நகர வட்டமும் நகரும். 2020இல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். 2024இல் மறுபடி பழைய வலுவைக் கொடுத்தார்கள். விலங்குக்கு நிலையான கோடு, மனிதனுக்கு நகரும் வட்டம். இரண்டும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை: நஞ்சு போகும் தூரத்தை அளந்து, அந்தத் தூரத்துக்குள் உயிர் இருந்தால் கையை நிறுத்து.

நம் தோட்டங்களில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். மருந்தின் கொடுமை நமக்குப் புதிதன்று. 1950களில் மலாயாவின் கித்தாத் தோட்டங்களில் லாலான் புல்லை அழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்ற பாஷாணத்தை அடித்தார்கள். பின்பு பாராகுவாட் வந்தது. விழுங்கினால் முறிவு மருந்து இல்லாத நஞ்சு அது. அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது என்று அவர்கள் சொன்னார்கள். 2002இல் அரசாங்கம் அதைத் தடுக்கப்போவதாக அறிவித்தது. தோட்டத் தொழில்துறை எதிர்த்தது. 2006இல் அந்த அறிவிப்புத் தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. ஓர் அறிவிப்பு செயலாவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதை நினைவில் வையுங்கள்.

காட்டு உயிர்களுக்கும் நம் தோட்டங்களுக்கும் இடையில் தூரம் குறைவு. 2013 ஜனவரியில் சபாவின் குனோங் ராரா காட்டுப் பகுதியில் 14 யானைகள் இறந்து கிடந்தன. நஞ்சே காரணமாக இருக்கும் என்று அதிகாரிகள் ஐயுற்றார்கள். செத்துக் கிடந்த தாயை எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று மாதக் கன்றின் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிக்க வெண்ணாந்தைக்குக் கூடு கட்டி வைக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் பக்கத்து நிரையிலேயே கொடிய எலி மருந்து வைத்தால், வேலைக்கு அமர்த்திய ஆந்தைக்கே நாம் நஞ்சூட்டுகிறோம்.

ஆற்றங்கரையை விட்டு வைக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலும் வழிகாட்டு அளவு உண்டு. வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் அளவுப்படி, 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்குக் கரைக்கு 5 மீட்டர். 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்குக் கரைக்கு 50 மீட்டர். அளவு காகிதத்தில் இருக்கிறது. நிரையின் கடைசி மரத்தில் அடையாளம் இருக்கிறதா? உங்கள் தோட்டத்தில் நீங்களே போய்ப் பாருங்கள்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு தோட்ட ஆபிஸ் சுவரிலும் ஒரு படம் தொங்குகிறது. எந்த ஆண்டு நட்ட மரம், எத்தனை ஏக்கர், எந்தப் பாதை என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆற்றுக்கு எவ்வளவு ஓரம் விட வேண்டும் என்பது அதில் இருக்கிறதா? லயத்துக் குழந்தைகள் குளிக்கும் ஓடை, ஆயாக் கொட்டகை, யானை வந்துபோகும் தடம், ஆமை ஏறும் மணல்மேடு, நீர்நாய் திரியும் கரை, இவை இருக்கின்றனவா? ஸ்டோரிலிருந்து மருந்து கொடுக்கும்போது புத்தகத்தில் லிட்டர் எழுதுகிறீர்கள். எந்தப் பகுதிக்குப் போகிறது என்றும் எழுதினால், அந்தப் புத்தகமும் சுவர்ப் படமும் சேர்ந்து ஒரு காவலாகிவிடும்.

பால்மரத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்கோள் மரத்தின் தலையைப் பார்க்கிறது. மரத்தின் அடியை விடியுமுன் விளக்கோடு நடக்கிற நீங்கள்தான் பார்க்கிறீர்கள். எந்த நிரையில் தாப்பீர் கடந்தது, எந்த ஓடையில் மீன் மிதந்தது, எந்த ஆண்டிலிருந்து தவளைச் சத்தம் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். அமெரிக்க இலாகா பெரும் பணம் செலவிட்டுத் தேடுகிற அறிவு உங்கள் காலடியில் கிடக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. இனிச் சொல்வோம்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, அடுத்த பேச்சுவார்த்தையில் கிளைகள் பின்வருவனவற்றை முன்வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1. ஒவ்வொரு தோட்டத்துக்கும் மருந்துப் படம் ஒன்று வரைய வேண்டும். ஆறு, ஓடை, கிணறு, லயம், பள்ளி, காட்டு விளிம்பு, விலங்கு நடமாடும் இடம் எல்லாம் அதில் குறிக்கப்பட வேண்டும். அதை வரையும்போது தொழிலாளர் பிரதிநிதிகளும் உடனிருக்க வேண்டும்.

2. அந்தப் படம் ஆபிஸ் அறைக்குள் முடங்கக் கூடாது. பெரட்டுக் களத்தில் எல்லாரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். இன்று மருந்தடிக்கும் பகுதி எது, விட வேண்டிய ஓரம் எது என்று மண்டோர் காலையில் காட்டிச் சொல்ல வேண்டும்.

3. விட வேண்டிய ஓரத்து மரங்களில் சாயக் கோடு போட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்கும். இன்று இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளத்திலிருந்து வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களுக்கு அவரவர் மொழியில் எச்சரிக்கை கிடைக்க வேண்டும்.

4. காற்று பலமாக இருந்தாலும், மழை வரும் அறிகுறி இருந்தாலும், பக்கத்தில் ஆட்கள் இருந்தாலும் மருந்தடிப்பதை நிறுத்தும் உரிமை பம்பு சுமப்பவருக்கு வேண்டும். அன்றைய சம்பளம் அதனால் குறையக் கூடாது. சம்பளம் குறையுமானால் எவரும் நிறுத்தமாட்டார். ஓரத்தை விட்டதற்காக வேலை குறைந்தது என்று கணக்கிலும் பிடிக்கக் கூடாது.

5. ஆண்டுக்கு ஒருமுறை படத்தைத் திருத்த வேண்டும். ஆறு திசை மாறும். விலங்கு இடம் மாறும். பழைய படம் பொய் சொல்லும்.

இவற்றில் நான்காவதுதான் உயிர்நாடி என்பதை நீங்கள் அறிவீர்கள். ஏக்கர் கணக்கில் கூலி பேசி, ஓரத்தை விடு என்று உத்தரவும் போட்டால், அந்த ஓரத்துக்கான விலையைத் தொழிலாளி கொடுக்கிறான் என்று பொருள். காட்டைக் காக்கும் செலவு அதிலிருந்து இலாபம் பார்க்கிறவர்களுடையது. பம்பு சுமக்கும் பெண்ணின் அரை நாள் சம்பளத்தில் எந்த யானையையும் காப்பாற்ற வேண்டியதில்லை.

டெலானோ தோழர்கள் 1970இல் ஒப்பந்தத்தில் மருந்தைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னபோது, இது சங்கத்தின் வேலையா என்று கேட்டிருப்பார்கள். அந்த வரிதான் சட்டத்தை முந்திற்று. நம்முடைய ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி வர வேண்டும். அதற்கு முன் ஒரு சிறு வேலை நம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு பெரிய தாளை எடுத்து, மூத்த தொழிலாளரையும் கிராணிமார்களையும் மருந்தடிக்கும் தாய்மார்களையும் ஒன்றாக உட்கார வைத்து, தோட்டத்தை நீங்கள் அறிந்தபடி வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. உண்மையாக இருந்தால் போதும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது மேசைமேல் முதலில் அதைத்தான் விரிப்போம்.